ஜூடோவில் எறிவதற்கு முன்னால் நடப்பது

ஜூடோவில் எதிராளியைத் தூக்கி எறிவது கடைசி வேலை. அதற்கு முன் அவர் நிலை குலைந்திருக்க வேண்டும். ஜப்பானியர் இதைக் குசுஷி என்கிறார்கள். ஜூடோவின் உயிரே இதில்தான் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் நேராக நிற்கிறார். அவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு பாதங்களுக்குள் விழுந்துகொண்டிருக்கும்வரை அவர் சாய மாட்டார். அந்தக் கோட்டுக்கும் முன்பாதத்துக்கும் இடையே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவரை அலாக்காகத் தூக்க 70 கிலோவையும் சுமக்க வேண்டும். தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சட்டையின் கழுத்துப்பட்டியைப் பிடித்து முன்னால் இழுத்தாலோ, 70×10÷125, அதாவது ஆறு கிலோவுக்கும் குறைவான விசையிலேயே சாயத் தொடங்குவார். நிஜத்தில் யாரும் மரம்போல நிற்பதில்லை. சட்டென ஒரு காலை முன்வைத்துச் சமாளிப்பார். அந்தக் கால் தரையில் ஊன்றும் கணத்தில்தான் உள்ளே நுழைய வேண்டும்.

ஓ கோஷி என்னும் இடுப்பு எறிதலைப் பாருங்கள். இடக்கை அவருடைய வலது சட்டைக்கையை இழுத்தபடி இருக்க, வலது காலை அவருடைய வலது பாதத்தின் முன் வைத்து, வலக்கையால் இடுப்பைச் சுற்றி அணைத்துத் திரும்ப வேண்டும். முழங்கால் மடங்கி, நம் இடுப்பு அவருடைய கச்சைக்குக் கீழே போக வேண்டும். பிறகு முழங்காலை நிமிர்த்தினால் போதும், அவர் இடுப்பின் மேல் உருண்டு விடுவார். இடுப்பு உயரமாக இருந்தால் பாரம் முழுவதும் முதுகில் ஏறும். தொடக்கநிலையில் முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். உடல்களுக்கு இடையே இடைவெளி விட்டால் அவர் கீழே அமர்ந்து தப்பித்துவிடுவார்.

இந்தக் கலையைத் தொகுத்தவர் 1860இல் பிறந்த கானோ ஜிகோரோ. டென்ஜின் ஷின்யோ ரியூ என்னும் ஜூஜுட்சு (பழைய ஜப்பானிய மல்யுத்தக் கலை) மரபில் பிடிகளையும் கழுத்து நெரிப்புகளையும் பயின்றவர், ஈகுபோ சுனெதோஷியிடம் கிட்டோ ரியூ என்னும் இன்னொரு மரபின் எறிதல்களைக் கற்றார். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த அறையில் கோடோகான் என்னும் ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அடி, குத்து போன்ற ஆபத்தானவற்றைக் கட்டா என்னும், முன்கூட்டியே வகுத்த அசைவுகளைச் செய்யும் பயிற்சியோடு நிறுத்தினார். ராண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சியில் அவற்றுக்கு இடமில்லை. முழு பலத்தோடும் மோதிப் பழக முடிந்தது அதனால்தான்.

விழப் பழகாதவர் அந்த மோதலில் இறங்கக் கூடாது. உகேமி என்னும் விழும் முறையில் தாடையை நெஞ்சோடு சேர்த்துப் பார்வையைக் கச்சையில் வைக்க வேண்டும். உடலிலிருந்து 30 முதல் 45 பாகை விலகிய கையால் பாயை அறைய வேண்டும். பயந்து கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியலாம்.