நெல்லையிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறீர்களா? இறங்கி இறங்கிப் போங்கள்

நெல்லையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மதுரைச் சவாரி என்றால் ஏறி உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எத்தனை மணி நேரத்துல போயிரலாம்?" 160 கிலோமீட்டர் சொச்சம், நான்கு வழிச்சாலை, நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்தான். ஆனால் சொந்தக் காரில் குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு பகல் முழுவதையும் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன். கரிசல் காட்டுக்கு நடுவே சாலை நேராகப் போகிறது, கியருக்கும் வேலையில்லை, பிரேக்குக்கும் வேலையில்லை, அப்படி ஓட்டும்போதுதான் கண் சொருகும். எங்கெங்கே இறங்கி நடப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டால் ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு, ஓட்டுகிறவருக்கும் தெளிவு.

காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். டயர் சூடாகும் முன்னால் காற்று பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் பலம் கிடையாது.

முதலில் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். பைபாஸில் பறக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, பிள்ளைகளை இறக்கி நினைவிடத்தைக் காட்டுங்கள். சுற்றிலும் காற்றாலைகள் நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வரும் காற்று இங்கே காரை நன்றாகவே தள்ளும். பெரிய லாரியை வலப்புறமாகத் தாண்டும்போது லாரி காற்றை மறைத்துவிடும், ஸ்டியரிங் லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் இடப்பக்கத்திலிருந்து ஒரே அடியாக அடிக்கும், கார் நடுத்திட்டுப் பக்கம் விலகும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருங்கள், வெடுக்கென்று திருப்பாதீர்கள்.

கோவில்பட்டியில் மேற்கே திரும்பி இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில், ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்தது, முடியாமலே நின்றுபோனது. மேலே விமானத்தில் தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார், அவ்வளவு நுணுக்கம். கண்ணைக் கீழே இறக்கினால் அடிப்பகுதி இன்னும் வெறும் பாறை. அப்புறம் அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. பாறை சூடேறும் முன் ஏறி இறங்கிவிட வேண்டும், அதற்குத்தான் ஆறு மணிக்குக் கிளம்பச் சொன்னது. அடிவாரத்து முருகன் கோவிலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

திரும்பி வரும்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியும் இருக்கின்றன, ஆனால் அதையும் இதே நாளில் திணிக்காதீர்கள், நேரத்தைப் பிடிக்க வேகம் கூடும். சாத்தூரில் காரச்சேவு, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் கவலை தருவது. நுங்கு, வெள்ளரி விற்கிறவரைப் பார்த்ததும் வெள்ளைக் கோட்டோரம் காரை நிறுத்திவிட்டு வலப்பக்கக் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்குகிறார்கள். பின்னால் வருகிற பஸ் எண்பது, தொண்ணூறில் வரும். சர்வீஸ் சாலையில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த ஊருக்குள் போய் வாங்குங்கள், இடப்பக்கமாகவே இறங்குங்கள். நடுத்திட்டில் திறப்பு இருக்கிற இடங்களிலும் கவனம், புல்லுக்கட்டோடு டிவிஎஸ் ஃபிஃப்டி குறுக்கே வரும், எதிர்த்திசையிலும் வரும். அது அவர்கள் ஊர், காட்டுக்கும் வீட்டுக்கும் அவர்களுக்கு அதுதான் வழி, நாம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மதியம் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் யாரும் தாண்ட மாட்டார்கள், தாண்ட வேண்டியதும் இல்லை. ஆனால் ஓட்டுகிறவர் இரண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை உடம்பே தூக்கம் கேட்கிற நேரம், பரோட்டாவும் சேர்ந்தால் டீ, பாட்டு, ஏசி எதுவும் உதவாது. நிழலில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, கால் மணி நேரம் தூங்குங்கள். வேறு மருந்தே இல்லை. வீட்டிலிருக்கிறவர்கள் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று அவசரப்படுத்தக் கூடாது. எப்படியும் மீனாட்சியம்மன் கோவிலில் நாலு மணிக்குத்தான் மறுபடி நடை திறப்பார்கள்.

தரிசனம் முடிந்ததும் அன்று ராத்திரியே நெல்லைக்குத் திரும்புவது வேண்டாம், தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். வழியில் வண்டி நின்றாலோ விபத்தைப் பார்த்தாலோ தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் ஓட்டுகிறவர் போனில் மட்டுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனிலும் போட்டு வையுங்கள்.