மலடாக்கிய ஈ: ‘ஸ்டெரைல்’ என்பதற்கு எது சரியான தமிழ்?

பழ ஈயை ஒழிக்க அதே பழ ஈயைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சு கொடுத்துத் தோட்டங்களின் மேல் விடுவதற்கு ‘ஸ்டெரைல் இன்செக்ட் டெக்னிக்’ என்று பெயர். தமிழில் ‘மலட்டுப் பூச்சி நுட்பம்’ என்று எழுதுகிறார்கள். சிக்கல் முதல் சொல்லில்தான்.

லத்தீனில் ‘ஸ்டெரிலிஸ்’ என்றால் விளையாத நிலம், ஈனாத உயிர். கிரேக்கத்தின் ‘ஸ்டெய்ரா’, வடமொழியின் ‘ஸ்தரீ’ இரண்டும் அதே வேர். இரண்டுக்கும் பொருள் ஈனாத பசு. (பெண்ணைக் குறிக்கும் ‘ஸ்த்ரீ’ வேறு சொல்.) நம் ‘மலடு’ம் இதே தடத்தில்தான் நடக்கிறது: மலட்டுப் பசு, மலட்டு மரம், ஏன், மலட்டாறு கூட இருக்கிறது. கிருமிகளைப் பற்றித் தெரியவந்த பிறகு ‘ஸ்டெரைல்’ என்பதற்குக் ‘கிருமி நீக்கிய’ என்ற பொருளும் சேர்ந்தது. பஞ்சுக்கும் ஊசிக்கும் அது பொருந்தும். ஈக்குப் போட்டால் அபத்தம்.

‘மலடு’ என்றதும் ஆண்மையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆண் ஈ பறக்கும், பெண்ணைத் தேடும், கூடும், விந்தும் தரும். அந்த விந்தணுவின் மரபுப்பொருள் சிதைந்திருப்பதால் கரு முட்டைக்குள்ளேயே மடியும்; புழு வெளிவராது. எக்ஸ் கதிர் ஈயின் மரபுப்பொருளை மாற்றும் என்று அமெரிக்க மரபியலாளர் முல்லர் 1927இல் காட்டினார். அந்த வழியில், மாட்டின் புண்ணில் புழு வைக்கும் ஈயை அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் நிப்ளிங்கும் புஷ்லாண்டும் கரீபியக் கடலின் குராசாவ் தீவில் 1954இல் ஒழித்துக் காட்டினார்கள். நம் பாகலையும் புடலையையும் துளைக்கும் அதே ஈயை ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் 1972இல் தொடங்கி 1993இல் முற்றாக ஒழித்தார்கள். விட்டவை 5,000 கோடிக்கும் மேல். அதன் பிறகே அந்தத் தீவுகளின் பாகற்காய் தடையின்றி ஜப்பானின் பெருநிலத்துக்குப் போனது.

ஆகவே இந்தத் தொழிலின் பாடெல்லாம் ஒன்றுதான்: வளத்தைப் பறிக்க வேண்டும், வீரியத்தைக் கெடுக்கக் கூடாது. கதிர்வீச்சு கூட்டுப்புழுப் பருவத்தில், ஈ வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது கொடுக்கப்படுகிறது. முந்திக் கொடுத்தால் உடல் திசுக்கள் கெட்டு நோஞ்சான் ஈ வரும்; பிந்தினால் அடைத்துவைத்த பைக்குள்ளேயே ஈ வெளிவந்துவிடும். கூட்டுக்குள் தெரியும் கண்ணின் நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். கூட்டுப்புழுக்களைக் காற்றுப்புகாத பையில் ஒரு மணி நேரமாவது அடைத்துவைத்தால் அவையே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் உடலுக்குச் சேதம் குறையும். பை கசிந்தால் அந்தப் பலன் போயிற்று. மத்தியதரைப் பழ ஈக்கு வழக்கமான அளவு 100 முதல் 145 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வரை. ‘நூற்றுக்கு நூறு மலடாக வேண்டும்’ என்று அளவை ஏற்றிக்கொண்டே போவது பழைய தவறு. காட்டு ஆணிடம் தோற்கும் முழு மலடனைவிட, முட்டை ஒன்றிரண்டு பொரிந்தாலும் போட்டியில் வெல்லும் ஆணே மேல்.

இரண்டாவது முன்னேற்றம் ஆணை மட்டும் விடுவது. பெண்ணையும் சேர்த்து விட்டால் ஆண்கள் தம்முடன் வந்த பெண்களையே சுற்றுவார்கள். மலட்டுப் பெண்ணும் பழத்தைக் குத்திப் பார்க்கும், வடு விழும். குவாத்தமாலாவின் எல் பினோ போன்ற வளர்ப்பகங்களில் இதற்கென உருவாக்கிய ‘வியன்னா 8’ என்ற மத்தியதரைப் பழ ஈ வகையின் முட்டைகளை 34 டிகிரி நீரில் ஒரு நாள் வைக்கிறார்கள். வெப்பம் தாங்காத பெண் கருக்கள் மடிந்துவிடும். தப்பியது தெரியவும் வழியுண்டு: பெண் கூடு வெள்ளை, ஆண் கூடு பழுப்பு.

விடுவதற்கு முன் ஆண்களுக்கு இஞ்சி எண்ணெயின் வாசம் காட்டுகிறார்கள். அதிலுள்ள ஆல்ஃபா கோப்பேன் என்ற மணப்பொருள் கூடலில் வெற்றியைக் கூட்டுகிறது. பறக்கும் திறனைச் சோதிக்க, உட்சுவரில் முகப்பவுடர் மாவு தடவிய 10 செ.மீ. உயரக் கருங்குழாய் போதும். ஏறி வர முடியாது, பறப்பவை மட்டுமே வெளியேறும். கூடுகளில் ஒளிரும் சாயப்பொடி தூவுவதும் உண்டு. ஈ வெளிவரும்போது பொடி தலையில் சிக்கிக்கொள்ளும்; பொறியில் விழுந்தது நம் ஈயா காட்டு ஈயா என்று புற ஊதா விளக்கில் தெரியும். விமானத்திலிருந்து விட, ஈக்களைக் குளிரூட்டி மயக்குகிறார்கள். நெருக்கி அடைத்தாலோ ஈரம் கோத்தாலோ சிறகு கசங்கும். அத்தனை பாடும் வீண்.

‘கருத்தடை செய்த ஈ’ என்றால் கரு உண்டாகாததுபோல் தொனிக்கிறது. இங்கே கரு உண்டாகி மடிகிறது. ‘மலட்டு ஈ’ பிறவி மலடோ என்று எண்ண வைக்கும். எங்கள் தேர்வு ‘மலடாக்கிய ஆண் ஈ’. ‘ரிலீஸ்’ என்பதற்கு ‘விடுவித்தல்’ வேண்டாம், அது சிறைக்கைதிக்கு. குளத்தில் மீன்குஞ்சு விடுகிறோம் அல்லவா, அதுபோல ஈயையும் ‘விடுதல்’ போதும்.