மின்சாரம் போன இரவிலும் மணியடிக்கும் தொலைபேசி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, எங்கள் தெருவில் செல்போன்கள் மறுநாள் காலைக்குள் ஊமையாகிவிட்டன. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ரப்பரும் வாழையும் சாலையை அடைத்துக் கிடந்ததால் டவருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. அதன் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. நான்கு வீடு தள்ளியிருந்த மாமியின் பழைய லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்தது. வளைகுடாவிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் அந்த ஓர் எண்ணுக்கே அழைத்தார்கள். "மக்களே, நான்கு ஓடுதான் போயிருக்கிறது, ஆளுக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு பாட்டி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

அந்த லேண்ட்லைன் பிழைத்ததற்குக் காரணம் எளியது. அதன் செம்புக் கம்பி குரலை மட்டுமல்ல, மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையிலிருந்து 48 வோல்ட் எப்போதும் அந்தக் கம்பியில் இருக்கும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசிக்கு அது தெரியாது. எங்கள் தெருவில் அந்தக் கேபிள் மண்ணுக்கடியில் போனதும் நல்லதாகப் போயிற்று.

இப்போது ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் தென்கரை நாடு. மக்கள்தொகை 20 லட்சம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் இருந்தார்கள் என்பதால் அளவு நமக்குப் பழகியதுதான். அங்கே செம்புக் கம்பியே கிடையாது. முழுத் தொலைபேசி அமைப்பையும் இணையத்தின் மேல் புதிதாகக் கட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

குரலிலிருந்து தொடங்கலாம். பாட்டி "மக்களே" என்று சொல்ல அரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி அந்த ஒலியை ஒரு நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மாற்றுகிறது. பிறகு 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டுகிறது. ஆக, "மக்களே" என்ற ஒரு சொல் 25 பொட்டலங்களாகப் புறப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் குரலுக்கு 160 பைட், போய்ச்சேர வேண்டிய முகவரி போன்ற விவரங்களுக்கு 40 பைட். கூட்டிப் பார்த்தால் ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட். இணையத் தகவலை ஒளியாகக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைக்கு இது கடுகளவு.

25 பொட்டலங்களும் சீரான இடைவெளியில் வந்துசேர்வதில்லை. எனவே கேட்கும் முனையில் உள்ள கருவி சில பொட்டலங்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்தி ஒலிக்கிறது. வழியில் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்பதில்லை; அது வந்துசேரும்போது பேச்சு அதைத் தாண்டிப் போயிருக்கும். முந்தைய துண்டின் சாயலிலேயே அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. வாயிலிருந்து காதுக்கு 150 மில்லிநொடிக்குள் குரல் போய்ச்சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடிதான் ஆகிறது. தென்கரை போன்ற சிறிய நாட்டில் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது எண். நாகர்கோவிலுக்கு 04652, மார்த்தாண்டம் பக்கத்துக்கு 04651 என்று பழைய எண்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தென்கரையில் எட்டு இலக்க எண் போதும். 0, 1 ஆகியவற்றில் தொடங்குபவற்றை ஒதுக்கினாலும் எட்டுக் கோடி எண்கள் கிடைக்கும். ஒன்றில் தொடங்குபவை 112, 108 போன்ற அவசர அழைப்புகளுக்கு. நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து எந்த எண்ணும் 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வரம்பு.

இந்த எண்ணை இணைய முகவரியாக மாற்றும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தபால் உறையில் கதவு எண்ணில் தொடங்கி மாநிலத்தில் முடிப்போம். இணைய முகவரியும் அப்படித்தான். தொலைபேசி எண்ணோ நாட்டில் தொடங்கி வீட்டில் முடிகிறது. ஆகவே எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, கடைசியில் அதற்கென உள்ள பின்னொட்டைச் சேர்த்தால் அது இணையத்தின் பெயரேட்டில் (DNS) தேடக்கூடிய முகவரியாகிவிடுகிறது.

உங்கள் தொலைபேசி "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று, அழைப்புகளை இணைத்துவைக்கும் கணினியான அழைப்பு சர்வருக்கு அவ்வப்போது தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது அழைத்தால் சர்வர் இருவரையும் சேர்த்துவைக்கும். அதன்பின் குரல் பெரும்பாலும் நேர்வழியில் போகும். எண் ஊரை விட்டு விடுபட்டதால் ஒரு சிக்கலும் உண்டு. குலசேகரத்தில் வாங்கிய கருவியைக் கொல்லங்கோட்டுக்கு எடுத்துப்போய் மாட்டி, அங்கிருந்து 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? இழை வந்து சேரும் இணைப்புப் புள்ளியின் முகவரியை அமைப்பே அறிந்திருக்க வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் உயிர் போகும்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் 1917-இல் இதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். ஆயிரம் வீடுகள், பரபரப்பான ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு மூன்று நிமிடப் பேச்சு என்றால் சராசரியாக 50 அழைப்புகள் ஒரே நேரத்தில் நடக்கும். நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது என்றால் 64 வழிகள் வேண்டும். இணையத்தில் 64 அழைப்புகளுக்கு ஒரு திசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். ஆனால் புயல் நாளில் ஒவ்வொரு வீடும் கால் மணி நேரம் பேசும். தேவை ஐந்து மடங்காகும். கூடவே எல்லோரும் வீடியோவும் அனுப்புவார்கள். ஆகவே குரல் பொட்டலங்களுக்குத் தனிக் குறி இட்டு, வேப்பமூடு சந்திப்பில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதுபோல அவற்றை முதலில் அனுப்ப வேண்டும்.

இழையை வளையமாகப் போட வேண்டும். நாகர்கோவில், தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல், மறுபடி நாகர்கோவில் என்று ஒரு வளையத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். சாலைப் பணியில் மண்வாரி எந்திரம் ஓர் இடத்தில் இழையை அறுத்தால், குரல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். இரண்டு இடத்தில் அறுந்தால்? பழைய தொலைபேசி நிலையம் வெளியுலகத் தொடர்பு அறுந்தாலும் உள்ளூர் அழைப்புகளைத் தானே இணைத்துக் கொடுத்தது. செலவு குறைகிறது என்று எல்லாச் சர்வர்களையும் தலைநகரிலேயே வைத்தால் அந்தத் திறன் போய்விடும். தென்கரையின் ஒவ்வொரு சிற்றூர் மையத்திலும் ஒரு சிறிய சர்வரையாவது நான் வைப்பேன். துண்டிக்கப்பட்ட ஊருக்குள் மருத்துவமனையும் காவல் நிலையமும் பேசிக்கொள்ள அது போதும்.

மீண்டும் மின்சாரத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தத் திட்டத்தில் மிகக் கடினமான இடம் அதுதான். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கொண்டுவரும். ஒரு துளி மின்சாரம்கூட வராது. வீட்டில் உள்ள இழைப் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 12 வாட் எடுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் 84 வாட் மணி இருக்கிறது. கணக்கில் ஏழு மணி நேரம், நடைமுறையில் ஐந்தோ ஆறோ. பழைய இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் மூடத் திட்டமிட்ட பிரிட்டனில், லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்கு மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழியிருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கிறது. ஒக்கியைக் கண்டவர்களுக்கு ஒரு மணி நேரம் எதற்கும் ஆகாது. தெருவுக்கு ஒரு வீட்டிலோ, ரேஷன் கடையிலோ, கோயில், தேவாலய வளாகத்திலோ சூரியத்தகடும் பெரிய பேட்டரியும் கொண்ட ஒரு பொதுத் தொலைபேசி மூன்று நாள் தாங்கும்படி இருக்க வேண்டும். மாமியின் திண்ணையைத் திட்டத்திலேயே எழுதிவைப்பது என்று இதைச் சொல்வேன்.

கடைசியாகக் கடல். பூமி வளைந்திருப்பதால் டவரின் அலை எட்டும் தூரம் தொடுவானத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் 133 அடி உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 23 கிலோமீட்டரில். 500 மீட்டர் மலை உச்சியில் டவர் வைத்தால் 80 கிலோமீட்டர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் படகுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவை. அவற்றுக்குச் செயற்கைக்கோள்தான் வழி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே குரல் ஏறி இறங்கக் கால் நொடி ஆகும்; கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி மௌனம் விழும். 150 மில்லிநொடி வரம்பை இது மீறுகிறது. பரவாயில்லை. தென்கரையில் ஒவ்வொரு படகுக்கும் வீடுகளைப் போலவே எட்டு இலக்க எண் இருக்கும். கரையிலிருக்கும் மனைவி அந்த எண்ணை அழுத்துவார். படகு டவரின் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று பார்த்து வழியை மாற்றுவது சர்வரின் வேலை. புயல் வருகிறது, திரும்பி வா என்று சொல்ல அந்த அரை நொடியைப் பொறுத்துக்கொள்ளலாம்.