டிஸ்டோபியா: பால் திரிந்ததுபோல் ஒரு நாடு

“டிஸ்டோபியான்னா பாழடைஞ்ச ஊரா சித்தி?” ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகள், சேலத்துக்கு வந்திருந்தபோது கேட்டாள். கையில் ஒரு நாவல். மதில் சூழ்ந்த இடத்தில் விடப்பட்ட பிள்ளைகள் தாங்களே பிழைத்துக் கிடக்கும் கதை.

கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் கெட்ட, ‘டோபோஸ்’ என்றால் இடம். இதற்கு மூத்தது உடோபியா. 1516-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் தன் கற்பனைத் தீவுக்கு வைத்த பெயர். ‘இல்லாத இடம்’ என்று பொருள். ஆங்கில உச்சரிப்பில் ‘நல்ல இடம்’ என்றும் காதில் விழும் சிலேடை.

1868-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதைத் திருப்பிப் போட்டார். நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லதை உடோபியா என்கிறோம், இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டது என்று, அயர்லாந்து நிலப் பிரச்சினையில் அரசை நடத்தியவர்களை ‘டிஸ்டோபியர்கள்’ என்றார். இடத்தைக் குறிக்கும் சொல்தான். ஆனால் அன்று வசவு வாங்கியது நாட்டை ஆண்டவர்கள்.

அவளுக்குப் புரிய ஏற்காட்டையே எடுத்துக்கொண்டேன். மண் சரிந்து இருபது கொண்டை ஊசி வளைவும் அடைபட்டுவிட்டது, குப்பனூர்ப் பாதையும் போயிற்று, விடுதியில் பிள்ளைகள் மட்டும் என்று வைத்துக்கொள். அது பேரிடர், அவ்வளவுதான். முதல் நாள் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறீர்கள். மூன்றாம் நாள், அரிசி அறைச் சாவி வைத்திருப்பவள், கேள்வி கேட்டவளுக்குச் சோறில்லை என்கிறாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே “சரிதானே” என்கிறார்கள். ஏரி அதே ஏரி, பனி அதே பனி, காப்பித் தோட்டமும் அப்படியே இருக்கிறது. டிஸ்டோபியா அந்தச் “சரிதானே”யில் தொடங்குகிறது.

“பால் திரிஞ்ச மாதிரின்னு சொல்லுங்க.”

டிஸ்டோபியாவுக்குத் தமிழில் நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை அவள் போகிறபோக்கில் போட்டுவிட்டாள். சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் இதே வினைதான்:

வேனலங் கிழவனொடு வெங்கதிர் வேந்தன்
தானலந் திருகத் தன்மையிற் குன்றி
முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

பாலை என்று தனி நிலம் இங்கே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறை கெட்டால் அது பாலை. யாரால் கெட்டது? இளங்கோ சூரியனை ‘வேந்தன்’ என்கிறார். அவன் நலம் திருகினான், நிலம் திரிந்தது. ‘முறை’ என்பதற்கு ஒழுங்கு, நீதி, தண்ணீர்க் குழாயடியில் நம் முறை என எல்லாப் பொருளும் தமிழில் உண்டு. நாவல் பிள்ளைகள் முதலில் தொலைப்பது கடைசிப் பொருளைத்தான்.

டிஸ்டோபியாவைத் தமிழில் ‘கேட்டுலகு’ என்றால் எந்தக் கேடும் அதில் அடங்கிவிடும். ‘பிறழ்வுலகு’ பரவாயில்லை, ஆனால் அகராதி வாடை. என் தேர்வு திரிநிலம்.

ஒரு குறை உண்டு. மழை பெய்தால் பாலை மறுபடி முல்லையாகும். திரிந்த பால் திரிந்ததுதான். அந்த நாவல் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். இன்னும் நூறு பக்கம் பாக்கியாம்.