வால்வில் நடப்பது ‘ரத்தக் கசிவு’ அல்ல

பெரியம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை யாரோ தமிழாக்கிக் கொடுத்திருந்தார்கள். ‘மைட்ரல் வால்வில் கடுமையான ரத்தக் கசிவு’. படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நெஞ்சுக்குள்ள ரத்தம் கொட்டுதாடா? மூளையில வந்து உங்க பெரியப்பா போனாரே, அந்த மாதிரியா?”

அவர் பயந்ததில் தப்பில்லை. செய்தித்தாள்கள் ‘மூளையில் ரத்தக் கசிவு’ என்று எழுதி எழுதி, குழாய் உடைந்து ரத்தம் வெளியே வருவதற்கே அந்தச் சொல் பட்டா போட்டாயிற்று. ஆங்கில ரிப்போர்ட்டில் இருந்த சொல் ‘ரிகர்ஜிடேஷன்’. அதில் ஒரு சொட்டு ரத்தமும் குழாயை உடைத்துக்கொண்டு வெளியே வராது. இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது, அதற்கும் மேலறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சரியாக மூடாததால், மகாதமனி வழியாக உடம்புக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. லத்தீனில் ‘குர்கெஸ்’ நீர்ச்சுழல், ‘ரெ’ திரும்ப. வேர்ச்சொல் கதை இவ்வளவுதான்.

‘எதுக்களிப்பு’ என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அருமையான சொல், வயிற்றுக்கே இருக்கட்டும். மைட்ரலையும் தமிழாக்கி ‘ஈரிதழ் வால்வு எதுக்களிப்பு’ என்றால் எனக்குப் புளித்த ஏப்பம்தான் நினைவுக்கு வருகிறது.

‘கசிவு’க்காரர்கள் விடமாட்டார்கள்: “டாக்டர்களே லீக் என்றுதானே சொல்கிறார்கள்?” சொல்லட்டும். ‘வால்வு லீக்’ என்று கேட்டு யாரும் ரத்தம் கொட்டுவதாக நினைப்பதில்லை. முன்னால் ரத்தத்தை ஒட்டவைத்ததுதான் வினை. தவிர, பானை கசியும், கண் கசியும், எல்லாம் துளித்துளியாக. கடுமையான மைட்ரல் கோளாறில் ஒவ்வொரு துடிப்புக்கும் 60 மில்லி, அதற்கு மேலும்கூடத் திரும்பும். இதுவா கசிவு?

திசையைச் சொல்லாத சொல், பரிசோதனை முடிவையும் புரியவிடாது. கீழறையில் 160 மில்லி; ஒரு துடிப்பில் 100 வெளியேறுகிறது என்று வையுங்கள். எக்கோவில் ‘இ.எஃப்.’, அதாவது கீழறையில் இருந்ததில் வெளியேறிய பங்கு, 60 சதவீதத்தைத் தாண்டும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 100-ல் 60 பின்னால் போயிருந்தால் உடம்புக்குக் கிடைப்பது 40தான். வெளியேறியதை எண்ணும் கணக்கு, எந்தப் பக்கம் போனது என்று கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ. இரண்டையும் தனித்தனியே அளக்கும்: கீழறை தள்ளியது இவ்வளவு, மகாதமனியில் ஓடியது இவ்வளவு. கழித்தால் மிச்சம், திரும்பியது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் எக்கோவின் வண்ண டாப்ளரில், திரும்பிப் பீய்ச்சும் ரத்தத்தை, அந்தப் பீச்சை, கண்ணாலேயே பார்க்கலாம். எந்த இதழ் மூடவில்லை என்பதும் தெரியும். ஆனால் மேலறைச் சுவரை ஒட்டிப் போகும் பீச்சு இருப்பதைவிடச் சின்னதாகக் காட்டி ஏமாற்றும். எக்கோவுக்கு வழிபோட்ட டாக்டர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் உலோக விரிசல் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்ததும் இந்த மைட்ரல் வால்வு சங்கதிக்காகத்தான்.

என் ஓட்டு ‘பின்னோட்டம்’. மைட்ரல் பின்னோட்டம், பின்னோட்ட அளவு, பின்னோட்ட விகிதம் என்று எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவிட்டுக் கிணற்று மோட்டார் மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம். குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்பவிடாமல் நிறுத்தும் ஃபுட் வால்வு பிடிக்காவிட்டால் அவர் ‘கசியுது’ என்று சொல்வதில்லை, “தண்ணி திரும்ப இறங்குது” என்பார்.

பெரியம்மாவிடமும் அதையே சொன்னேன். முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அதுக்குச் சாணி கரைச்சு ஊத்துவோம். இதுக்கு என்ன பண்ணுவாங்க?”