முழு சிக்னல் இருந்தும் வைஃபை ஏன் திணறுகிறது?

கூட்டம் நிரம்பிய கருத்தரங்கக் கூடம். கைபேசியில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கின்றன. பக்கமோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உடனே யாராவது சொல்வார்கள்: "இன்னும் நாலு ஆக்சஸ் பாயின்ட் மாட்டிவிடலாம்." வைஃபை அலைகளைப் பரப்பும் பெட்டிதான் ஆக்சஸ் பாயின்ட். அப்படி மாட்டியபின் நிலைமை இன்னும் மோசமான இடங்களும் உண்டு.

வைஃபை தன் அலைவரிசையைச் சேனல்கள் என்ற சிறு பாதைகளாகப் பிரித்துக்கொள்கிறது. வழக்கமாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பேசுவதற்கு முன் ஒவ்வொன்றும் காதுகொடுத்துக் கேட்கும். வைஃபையின் அலைவரிசைகளில் ஒன்றான 5 கிகாஹெர்ட்ஸில் 34 மைக்ரோவினாடி அமைதி நிலவ வேண்டும். பிறகு தனக்குத்தானே சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, எண் ஒன்றுக்கு 9 மைக்ரோவினாடி வீதம் காத்திருக்கும். அப்போதும் காற்று அமைதியாக இருந்தால்தான் அனுப்பும். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டின் தகவலும் மோதிக் கெடும். மறுபடி குலுக்க வேண்டியதுதான். பத்துப் பேர் இருக்கும்போது இது யாருக்கும் தெரியாது. முந்நூறு பேர் சேரும்போது காத்திருப்பே பெரும் வேலையாகிவிடுகிறது. கோடுகள் காட்டுவது குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே. பேச முறை எப்போது வரும் என்பதை அவை சொல்வதில்லை.

ஆகவே வைஃபை திட்டமிடுபவர் பங்கிட வேண்டிய சொத்து நேரம்தான். 1,500 பைட் கொண்ட ஒரு தகவல் துண்டை வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 12 மில்லிவினாடி ஆகும். 100 மெகாபிட்டில் 0.12 மில்லிவினாடி போதும். மூலையில் தொலைவாக உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய கருவி ஒரு துண்டு அனுப்பும் நேரத்தில் அருகிலுள்ளது ஏறத்தாழ நூறு அனுப்பிவிடலாம். மிகக் குறைந்த வேகங்களை அமைப்பிலேயே அணைத்துவிடச் சொல்வது இதனால்தான்.

நெட்வொர்க் பெயர்களும் நேரத்தைத் தின்கின்றன. ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று என்று ஐந்து பெயர் வைத்தால், ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும், அதுவும் மெதுவான வேகத்தில். 1 மெகாபிட்டில் ஓர் அறிவிப்புக்குச் சுமார் 2.5 மில்லிவினாடி; ஐம்பது அறிவிப்புக்கு எட்டில் ஒரு பங்கு நேரம், யாரும் எதையும் அனுப்பாமலே போய்விடுகிறது. இரண்டு பெயர் இருந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். நான்காவது ஆக்சஸ் பாயின்ட் ஏற்கெனவே உள்ள ஒன்றின் சேனலில்தான் உட்கார வேண்டும். அவை ஒன்றின் குரலை மற்றொன்று கேட்டால், ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பெட்டி கூடியும் நேரம் கூடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் ஏராளம். அங்கும் வேகத்துக்கு ஆசைப்பட்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால், நான்கு சேனலை ஒரே பெட்டி விழுங்கிவிடும். நெரிசலான இடத்துக்கு 20 போதும்.

பவரைக் கூட்டுவதும் உதவாது. ஆக்சஸ் பாயின்ட் 100 மில்லிவாட்டில் முழங்கினாலும் கைபேசி அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் பதில் சொல்கிறது. பெட்டியின் குரல் கைபேசிக்குக் கேட்கும், கைபேசியின் குரல் பெட்டிக்குக் கேட்காது.

இவற்றோடு மனித உடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடலில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சும். காலியான கூடத்தில் எடுத்த அளவீடு, ஆட்கள் நிரம்பியதும் செல்லாது. விளையாட்டரங்குகளில் இதையே சாதகமாக்கி, இருக்கைக்கு அடியில் ஆக்சஸ் பாயின்ட் வைக்கிறார்கள். சுற்றியுள்ள உடல்களே சுவராகி அடுத்த வரிசைகளுக்குத் தொல்லை போகாமல் தடுக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

வைஃபை 6 ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை ஒன்பது கருவிகள் வரை ஒரே நேரத்தில் பங்கிட வைக்கிறது. நல்ல முன்னேற்றம், கைபேசிகளும் அதற்கு ஏற்றவையாக இருந்தால். ஆனால் மேம்படுத்தும்போது பலர் மறப்பது சுவருக்குப் பின்னால் இருப்பதை. ஒரு கட்டடத்தில் புதிய பெட்டிகள் மாட்டியும் வேகம் ஏறவில்லை. பெட்டிக்கு மின்சாரமும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே வந்தது. அந்தக் கேபிள்கள் வந்து சேரும் இணைப்புக் கருவியான பழைய ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் 15.4 வாட்தான் தரும். புதியவை 30 வாட் தரும் ஸ்விட்சை எதிர்பார்த்தவை. பற்றாக்குறையைச் சமாளிக்க அவை ஆன்டெனாக்களில் பாதியைத் தாமே அணைத்து வைத்திருந்தன. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.