வளர்ச்சி ஹார்மோன் ஊசியால் சர்க்கரை வருமா?

மகனுக்குத் தினமும் இரவில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடும் ஒரு தாய் கேட்டிருந்தார்: "இதனால் பையனுக்குச் சர்க்கரை நோய் வருமா? போடாமல் விட்டால்தான் வருமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைச் சுரக்கிறது, எலும்பு நீள்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: பட்டினி நேரத்தில் சர்க்கரையை மிச்சப்படுத்துவது.

இரவு சாப்பிட்டுப் படுத்தால் காலைவரை உணவில்லை. மூளைக்கோ குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரந்து, சேமித்த கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடுகிறது. தசைகள் அவற்றை எரிக்கத் தொடங்குகின்றன. இதற்கு அடுத்த படிதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. கொழுப்பு எரியும்போது தசைக்குள் சேரும் பொருட்கள், குளுக்கோஸை எரிக்கும் நொதிகளை அடக்கிவிடுகின்றன. இன்சுலின் வந்து கூப்பிட்டாலும் தசை முன்போலக் குளுக்கோஸை வாங்குவதில்லை. அப்படி மிஞ்சியது மூளைக்குப் போகிறது. கொழுப்பு கரைவதை மருந்தால் தடுத்துப் பார்த்தபோது, ஹார்மோன் இருந்தும் இன்சுலின் பழையபடி வேலை செய்தது. ஆக, இன்சுலினை மடக்குவதில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பு அமிலங்களுக்குத்தான்.

ஓர் இரவுக்கு இது நல்ல ஏற்பாடு. ஹார்மோன் ஓயாமல் மிகுதியாகச் சுரந்தால் சர்க்கரை நோயில் போய் முடியும். கைகால்கள் பெருக்கும் அக்ரோமெகாலி நோயாளிகள் பலருக்கு நடப்பது இதுவே. இன்சுலின் சுரக்கும் கணையத்தை நீக்கிய நாய்களுக்குப் பிட்யூட்டரியையும் நீக்கினால் சர்க்கரை நோய் தணிவதை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே காட்டினார். 1947-இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் ஹார்மோன் வேலையே செய்யாதவர்களுக்கு? எக்வடோர் நாட்டின் லோஹா மாகாணத்தில் லாரோன் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஹார்மோன் நிறைய உண்டு, அதை ஏற்கும் ஏற்பிதான் பழுது. உயரம் ஏறக்குறைய நான்கடி. பலர் பருமனானவர்கள். மருத்துவர் ஹைமே கெவாரா அகீர்ரே இவர்களில் 99 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் இல்லை. இந்தக் குறைபாடு இல்லாத உறவினர்களில் 5 சதவீதத்தினருக்கு இருந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் அமைப்புகள் இதை யோசிக்க வேண்டும். ஒரே மக்களிடம் 22 ஆண்டு திரும்பத் திரும்பப் போகாமல் இந்த உண்மை கிடைத்திருக்காது.

இதை வைத்து, ஹார்மோன் குறைந்தால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பிட்யூட்டரி கட்டி, அறுவை சிகிச்சை போன்றவற்றால் பெரியவர்களுக்கு ஹார்மோன் குறையும்போது தசை மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்பே இன்சுலினை மந்தமாக்குகிறது. லோஹாவில் பிறவியிலேயே ஏற்பி பழுதானதால் கதை வேறாகிவிட்டது.

சரி, அந்தத் தாய்க்கு விடை. பையனுக்குப் போடுவது உடலில் இல்லாததை ஈடுகட்டும் அளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் சர்க்கரை நோய் வருவதில்லை. உடல் பருமனோ குடும்பத்தில் சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் எழுதித்தரும் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பயந்து ஊசியை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எலும்பின் வளர்முனைகள் மூடிவிட்டால், விட்ட உயரம் திரும்பக் கிடைக்காது.